தொலைக்காட்சியில் உணவு: காலவரிசை குறித்த ஒரு திருத்தம்

சமூக ஊடகங்களைப் பார்த்துத்தான் தொலைக்காட்சி சமையலையும் உணவகங்களையும் காட்டத் தொடங்கியது என்று சிலர் சொல்வது காலவரிசைக்குப் பொருந்தவில்லை. பிரிட்டனின் பிபிசி தொலைக்காட்சியில் ஃபிலிப் ஹார்பன் என்பவர் 1946-இலேயே சமைத்துக் காட்டினார். அமெரிக்காவில் ஜூலியா சைல்ட் என்பவரின் சமையல் நிகழ்ச்சி 1963-இல் தொடங்கியது. அங்கேயே உணவுக்கென்று தனி அலைவரிசை 1993-இல் வந்துவிட்டது. யூடியூப் பிறந்ததோ 2005-இல், இன்ஸ்டாகிராம் 2010-இல்.

தாக்கமே இல்லை என்று சொல்ல வரவில்லை. கேமரா முன் அமர்ந்து பேசிக்கொண்டே சாப்பிடும் ‘மொக்பாங்’ தென்கொரியாவின் இணைய நேரலைகளில் 2010-ஐ ஒட்டிப் பரவி, அதன் பிறகே அந்நாட்டுத் தொலைக்காட்சிக்குள் நுழைந்தது. ஆக, சமூக ஊடகங்கள் மாற்றியது காட்டும் முறையைத்தான்: சமைப்பவரோடு, எளிய உணவகத்தில் தமக்குப் பிடித்ததைச் சாப்பிடுபவரும் இப்போது திரையில் இடம்பெறுகிறார்.