கூரைக்கு ஒன்றரை லட்சம், டயருக்குச் சல்லிக்காசு இல்லை

எனக்கு ஒரு அத்தை மகன் உண்டு. துபாயில் பத்து வருடம் கிடந்து சம்பாதித்துவிட்டுப் பாளையங்கோட்டையில் வந்து உட்கார்ந்தவன், போன வருடம் ஒரு சொகுசு எஸ்யூவியைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினான். கம்பெனி பெயர் வேண்டாம், நான் சொல்லப்போகிற கூத்தில் கம்பெனிக்குப் பங்கு கிடையாது. ஏர் சஸ்பென்ஷன், 20 அங்குல வீல், உள்ளே பாலாடை நிறத்தில் தோல் சீட். "அத்தான், இத ஓவர்லேண்டிங் வண்டியா மாத்தப்போறேன்" என்றான். படுக்கை, சாமான் எல்லாவற்றையும் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு காடு மேடு என்று நாள்கணக்கில் சுற்றுவதற்குத்தான் அந்தப் பெயர். சரி, ஆசைப்படுகிறான் என்று விட்டுவிட்டேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் கோயில் கொடைக்கு சீரியல் லைட் கட்டப் போகிற வேன் மாதிரி வாசலில் வந்து நிற்கிறது. கூரை முழுக்க இரும்புக் கேரியர், அதன்மேல் மடக்கு டென்ட், இரண்டு டீசல் கேன், நெற்றியில் எல்.இ.டி. பார், பின்னால் ஏணி, முன்னால் பம்பருக்கு மேல் புல் பார் என்கிற இரும்புத் தடுப்பு. டென்ட்டுக்கு மட்டும் ஒன்றரை லட்சம். டயரைக் குனிந்து பார்த்தேன். வாங்கும்போது இருந்த அதே ரோட்டு டயர், பாதி தேய்ந்தது.

இதை அவனைக் கிண்டல் பண்ணுவதற்காக எழுதவில்லை. கொஞ்சம் கிண்டல்தான், ஆனால் விஷயம் வேறு. இந்தப் பக்கம் இப்போது நிறையப் பேர் இப்படிக் கிளம்பியிருக்கிறார்கள், எல்லாரும் காசை மேலிருந்து கீழே செலவு பண்ணுகிறார்கள். கூரையில் ஆரம்பித்து, சக்கரத்துக்கு வரும்போது கை காலியாகிவிடுகிறது.

போன மாசியில் தேரிக்குப் போனோம். சாத்தான்குளத்துக்கும் திருச்செந்தூருக்கும் நடுவில் கிடக்கிற செம்மணல் மேட்டைத்தான் தேரி என்போம். இப்போது தூத்துக்குடி மாவட்டம், 1986 வரைக்கும் திருநெல்வேலி, எங்கள் வீட்டில் இன்னமும் திருநெல்வேலிதான். ரிசர்வ் காட்டுப் பக்கமே போகவில்லை, சொந்தக்காரர் ஒருவரின் பனை விளைக்குள் அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இறங்கினோம். ஐம்பது மீட்டர் போயிருப்போம். பின்சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. மாப்பிள்ளை பதற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதிக்க, வண்டி தனக்குத்தானே குழி தோண்டி அடிவயிறு மண்ணில் படுத்துவிட்டது. அந்த மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்திருக்கிறீர்களா? கேழ்வரகு மாவு மாதிரி விரலிடுக்கில் வழியும். மண்ணில் சிக்கினால் சக்கரத்துக்கு அடியில் வைக்கிற ஆரஞ்சு கலர் பிளாஸ்டிக் பலகைகளும் வாங்கித்தான் வைத்திருந்தான். கேரியரில் பூட்டுப் போட்டு மாட்டியிருந்தது. சாவி பாளையங்கோட்டையில்.

பக்கத்தில் பனை ஏறிக்கொண்டிருந்த பெரியவர் இறங்கி வந்தார். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து டயரைக் காலால் ஒரு எத்து எத்தினார். "ஏ தம்பி, காத்து எவ்வளவு வச்சிருக்கிய?" முப்பத்தஞ்சு பி.எஸ்.ஐ. என்றான். "கல்லுல்லா ஓட்டுதிய. கருப்பட்டி ஏத்த வாற குட்டியானக்காரனே பாதிக் காத்த எறக்கிட்டுத்தான் உள்ள வாறான்." சொல்லிக்கொண்டே கீழே கிடந்த காய்ந்த மட்டைகளை இழுத்துப்போட்டு, பாளை அரிவாளால் ஒவ்வொரு மட்டையின் இரண்டு ஓரத்துக் கருக்கையும் சீவி எறிந்தார். கருக்கோடு போட்டால் அது ரம்பம், டயரைக் கிழித்துவிடும். சீவின மட்டையைச் சக்கரத்துக்கு முன்னால் நெருக்கி அடுக்கி, மேலே ஓலையைப் பரப்பினார். நான் நாலு டயரிலும் 20க்குக் காற்றை இறக்கினேன், வயிற்றுக்கு அடியில் கிடந்த மண்ணை மம்பட்டியால் வாரினேன், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை அணைக்கச் சொன்னேன் (அது சக்கரம் சுற்றுவதைப் பார்த்ததும் இன்ஜின் வேகத்தைக் குறைத்துவிடும், மணலில் அதுதான் வினை). வண்டி முனகிக்கொண்டு ஏறி வெளியே வந்துவிட்டது. டென்ட், லைட் பார், ஏணி எதற்கும் அங்கே ஒரு வேலையும் இருக்கவில்லை. மம்பட்டி மட்டும்தான் வேலைக்கு ஆனது.

காற்றை இறக்கினால் டயர் அகலமாகும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அகலம் கொஞ்சம்தான் கூடும், தரையில் பதிகிற நீளம்தான் நன்றாகக் கூடும். எடை பரவும், மண்ணைத் தோண்டாமல் மேலே மிதந்து போகும். ஆனால் இறக்குவதற்கு டயரின் பக்கச் சுவரில் சதை வேண்டுமே. அவன் வண்டியில் இருந்தது 275/45 ஆர் 20. அதாவது அகலம் 275 மில்லிமீட்டர், பக்கச் சுவர் அதில் 45 சதவீதம், வீல் 20 அங்குலம். பக்கச் சுவர் உயரம் சுமார் 124 மில்லிமீட்டர். அதில் காற்றை 18 பி.எஸ்.ஐ.க்குக் கீழே இறக்கத் தைரியம் வராது, ஒரு கல்லில் ஏறினால் அலாய் வீலே தரையில் இடிக்கும், திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றாலும் கழலும். அதே வண்டியின் கீழ் வேரியன்ட்டுக்குக் கம்பெனியே 255/60 ஆர் 18 கொடுக்கிறது. அதில் பக்கச் சுவர் 153. கிட்டத்தட்ட மூன்று சென்டிமீட்டர் ரப்பர் கூடுதல், மொத்த விட்டமோ ஒரு சதவீதம்தான் மாறும், ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. பெரிய வீலிலிருந்து சின்ன வீலுக்கு இறங்குவதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கிறார்கள். பிரேக் காலிப்பர் இடிக்காமல் 18 அங்குல வீல் உட்காருமா என்று மட்டும் பார்த்துக்கொண்டு, ரோட்டிலும் மண்ணிலும் ஓடுகிற நல்ல ஆல் டெரெய்ன் டயர் ஐந்து வாங்கிப் போடுங்கள். ஐந்து என்று சொன்னேன், நாலு இல்லை. பல சொகுசு வண்டியில் ஸ்டெப்னி என்ற பெயரில் சைக்கிள் டயர் மாதிரி ஒல்லியாக ஒன்று வைத்திருப்பான். நம்ம ஊரில் உடைமுள்ளும் சீமைக்கருவேல முள்ளும் விழாத வண்டிப்பாதை கிடையாது. நடு டயரில் ஏறின முள்ளைப் பஞ்சர் கிட்டை வைத்து நாமே அடைத்துவிடலாம், பக்கச் சுவரில் கிழித்தால் எந்தப் பஞ்சர் கடையும் கையை விரிக்கும்.

தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் காற்றை ஏற்ற வேண்டும். 20 காற்றோடு திருச்செந்தூர் ரோட்டில் நூறில் போனால் டயர் சூடேறி வெடிக்கக்கூடும். ஆகவே சின்ன ஏர் கம்ப்ரஸர் ஒன்று, காற்று பார்க்கிற கேஜ் ஒன்று. இரண்டும் சேர்ந்து டென்ட் விலையில் ஒரு மூலைக்கு வராது.

அடுத்து, உயரம் கூட்டுவது. ஏர் சஸ்பென்ஷன் வண்டிக்கு மலிவாக லிஃப்ட் பண்ணித் தருகிறேன் என்று ஒரு கடையில் சொன்னார்கள். என்ன செய்வார்கள் என்றால், உயரத்தை அளக்கிற சென்சாரின் கம்பியை நீளம் மாற்றிப் போடுவார்கள். வண்டி தாழ்ந்து நிற்கிறது என்று கம்ப்யூட்டர் ஏமாந்து, ஸ்பிரிங்குக்குப் பதிலாக இருக்கிற காற்றுப் பலூனை இன்னும் ஊதும். பார்க்க ஜோராக நிமிர்ந்து நிற்கும். ஆனால் பலூன் முழுக்க ஊதின பிறகு சக்கரம் கீழே இறங்குவதற்கு இடமே மிஞ்சாது, பள்ளத்தில் சக்கரம் அந்தரத்தில் தொங்கும், ஆக்சில் கோணம் கூடி, சக்கரத்தைச் சுற்றவைக்கிற சி.வி. ஜாயின்ட் என்ற மூட்டை மூடியிருக்கிற ரப்பர் பூட் கிழியும், கிழிந்த வழியாகத் தேரி மண் உள்ளே போகும். லேண்ட் ரோவர் டிஃபெண்டர் மாதிரி வண்டிக்கு ஆஃப்ரோடு நிலையில் 291 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸ் கம்பெனியிலிருந்தே வருகிறது, அதற்கு மேல் நமக்கு எதற்கு? மெதுவாக, அதிக இழுவையோடு ஏற உதவுகிற லோ ரேஞ்ச் கியர் இல்லாத எஸ்யூவியை எவ்வளவு தூக்கினாலும் அது தூக்கின கார்தான், வாங்கும்போதே அதைப் பார்த்து வாங்கியிருக்க வேண்டும்.

தண்ணீர் விஷயம் இன்னும் மோசம். இன்ஜின் காற்று இழுக்கிற வாயைக் கூரை உயரத்துக்குத் தூக்குகிற ஸ்னார்க்கல் குழாயை மாட்டினால் வண்டி படகாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. 2023 டிசம்பர் 17, 18 யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் சிக்கி நின்றது, திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் தாமிரபரணி வந்து போனது. அந்த வாரம் எங்கள் தெருவில் ஸ்னார்க்கல் வைத்த ஜீப் ஒன்று இடுப்பளவு தண்ணீரில் பந்தாவாகப் போய் வந்தது. பத்து நாள் கழித்து மெக்கானிக் அண்ணாச்சி அதன் ஆக்சில் நடுவில் இருக்கிற டிஃபரென்ஷியல் கியரின் ஆயிலை இறக்கும்போது நான் பக்கத்தில் நின்றேன். பட்டறைத் தட்டில் வந்து விழுந்தது ஆயில் இல்லை, நல்ல திக்கான பால் டீ. ஓடிச் சூடான ஆக்சில் திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கும், காற்று போய்வருகிற பிரீதர் துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஸ்னார்க்கல் இன்ஜின் மூக்கை மட்டும்தான் மேலே தூக்கும். ஆக்சில், கியர்பாக்ஸ் பிரீதர் குழாயை உயரத்துக்கு நீட்டிவிட்டால் செலவு சில ஆயிரம்தான், ஆனால் அது கண்ணுக்குத் தெரியாது, அதனால் யாரும் செய்வதில்லை. டிஃபெண்டர் 900 மில்லிமீட்டர் தண்ணீர் தாண்டும் என்பது நிற்கிற தண்ணீருக்கு. ஓடுகிற ஆறு இரண்டு அடி இருந்தாலே பெரிய எஸ்யூவியையும் தூக்கிக்கொண்டு போய்விடும்.

புல் பாரைக் கழற்றச் சொல்லி அவனோடு ஒரு மாதம் சண்டை. 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு இதற்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. ஏர்பேக் விரிவதைக் கெடுக்கும், நடந்து போகிறவன் மேல் மோதினால் காயம் கூடும், கிரில்லுக்குப் பின்னால் இருக்கிற ரேடார் கண்ணையும் மறைக்கும். சட்டமும் லேசுப்பட்டதில்லை. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, 2019இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அதே வருடத் திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. ஒரு விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரன் முதலில் போட்டோ எடுப்பது இந்த இரும்பைத்தான்.

சரி, கூரைக்கு வருகிறேன். டிஃபெண்டருக்கே ஓடும்போது கூரையில் 168 கிலோதான் தாங்கும், நின்றால் 300. மற்ற பல வண்டிக்கு நூறுக்குள்தான். இவன் கேரியர், டென்ட், டீசல் நிறைந்த இரண்டு கேன், லைட், பலகை எல்லாம் கூட்டினால் 170க்குப் பக்கத்தில் வந்தது. மணிமுத்தாறு ரோட்டு வளைவில் வண்டி சாய்கிற சாய்ப்பில் பின்சீட்டில் இருந்த அத்தை "சுடலைமாடா" என்று கத்திவிட்டார்கள். மேலே இருக்கிற மாஞ்சோலை மலைக்கு வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது என்பதும் அன்றைக்குச் செக்போஸ்ட்டில்தான் அவனுக்குத் தெரிந்தது. அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், 1988இலேயே வந்தது, நம்ம மாநிலத்திலேயே முதலாவது. அதற்குள் போய் ஆஃப்ரோடு ஓட்டலாம் என்ற நினைப்பே வேண்டாம், ரோட்டில் ஏற்றிக்கொண்டு போகச் சம்மதித்தாலே பெரிய விஷயம்.

ஓவர்லேண்டிங் என்ற சொல்லே ஆஸ்திரேலியாவில் மாட்டு மந்தையை நெடுந்தூரம் ஓட்டிக்கொண்டு போனவர்களிடமிருந்து வந்தது. நம்ம பக்கம் கிடை போடுகிற கோனார்கள் ஆட்டை ஓட்டிக்கொண்டு வயல் வயலாக மாதக்கணக்கில் போவதும் அதுதானே? ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோயிலுக்கு லோடு வேனில் பானை, அடுப்பு, கிடா, கிழவி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய் ஆற்றங்கரையில் குடில் போட்டுத் தங்கின குடும்பம் எங்களுடையது. பனையோலைப் பெட்டியில் புளிச்சோறு இரண்டு நாள் கெடாமல் இருக்கும். எங்கள் தாத்தா ஒரு கோரைப் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வேனில் ஏறினார் என்றால் அவருடைய கேம்பிங் சாமான் முடிந்தது. இன்றைக்கும் டென்ட்டுக்குப் பதில் கொசுவலை ஒன்று, பாய் ஒன்று, இருபது லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று பின்பக்கம் தாழ்வாக வைத்துக் கட்டினால் வண்டியும் சாயாது, பணமும் மிஞ்சும்.

கடைசியில் மாப்பிள்ளை வழிக்கு வந்துவிட்டான். 18 அங்குல வீல், ஐந்து டயர், கம்ப்ரஸர், முன்னும் பின்னும் சேசிஸோடு பிடித்த இழுவைக் கொக்கி, ஒரு நைலான் வடம். புல் பாரைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டான். கேரியரும் டென்ட்டும் அவன் வீட்டு மொட்டை மாடியில் இருக்கின்றன. நேற்றுப் போனபோது அத்தை கேரியர் மேல் வேட்டியை விரித்துக் கூழ் வத்தல் ஊற்றியிருந்தார்கள், நாலு பக்கமும் காற்றோட்டம், ரொம்ப வசதி என்றார்கள். டென்ட் விலைக்கு இருக்கிறது, வேண்டுமென்றால் இன்பாக்ஸில் வாருங்கள். கேரியரை அத்தை தரமாட்டார்களாம்.