ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியாத சாட்சி

கம்போடியாவுக்குச் சுவிசேஷம் சொல்லப் போய்வந்து மூன்று கிழமை ஆகிறது. வந்த முதல் ஞாயிறே சபையில் ஐந்து நிமிடம் தந்து சாட்சி சொல்லச் சொன்னார்கள், சொன்னேன், எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். ஆனால் சொல்ல வேண்டியதை நான் சொல்லவே இல்லை. அன்றிலிருந்து மனம் ஆறவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும்.

முதலில் நன்றி. ஆராதனை முடிந்து வெயிலுக்குள் நின்று பனங்காய்ப் பணியாரமும் கட்லட்டும் வாங்கியவர்களின் காசில்தான் நாங்கள் ஆறு பேரும் பன்னிரண்டு நாள் போய்வந்தோம். அந்தக் காசுக்கு உண்மையான கணக்கு தரவேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

போவதற்கு முன் என் சாட்சியைத் தமிழில் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். வன்னியில் பத்து வயதில் போருக்குள் இருந்தேன், கர்த்தர் காத்தார், இன்று இங்கே நிற்கிறேன். பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அதில் அண்ணா இல்லை. 2009 மே மாதம் காணாமல் போனபோது அண்ணாவுக்குப் பதினேழு வயது. எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் "செத்துப்போனான்" என்று சொன்னதில்லை, "இருக்கிறான்" என்று சொல்வதும் குறைந்துவிட்டது. காணாமல் ஆக்கப்பட்டோர் தினமான ஒவ்வொரு ஓகஸ்ட் 30உம் அம்மா படத்தை எடுத்துக்கொண்டு போய் மற்றத் தாய்மாரோடு நிற்பார். முடிவு தெரியாத கதையைச் சாட்சியில் எங்கே வைப்பது? எடுத்துவிட்டேன்.

தலைநகர் நொம்பெனில் துவோல் ஸ்லெங் என்ற பழைய சிறையைப் பார்க்கப் போனோம். அது முன்பு பள்ளிக்கூடம். வகுப்பறைகளுக்குள் செங்கல் அடுக்கி, ஒடுக்கமான சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம் அகதி முகாமாகியதைக் கண்டவர்கள் நாங்கள், சிறையாகியதை அன்றுதான் கண்டேன். 1975 ஏப்ரல் 17 முதல் 1979 ஜனவரி வரை போல் பொட்டின் கெமர் ரூஜ் இயக்கம் ஆண்ட காலத்தில் அந்த நாட்டில் சுமார் 17 இலட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் கொலையாலும் இறந்தார்கள். அந்தச் சிறைக்குப் பொறுப்பாக இருந்தவர் டுச். அவர் 1990களில் ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவரானார். பிறகு பிடிபட்டு, விசாரணை நடந்து, 2012இல் மேல்முறையீட்டில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டு, 2020இல் இறந்தார். எங்கள் ரீமில் ஒருவர் இதைக் கேட்டதும் கண் கலங்கி, "எப்பேர்ப்பட்ட கிருபை, இதை எல்லா இடத்திலும் சொல்லவேண்டும்" என்றார்.

சொன்னோம்தான். பட்டம்பாங் பக்கம் ஒரு கிராமம். போகும் வழியில் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகள், முகமாலையில் நின்ற அதே பலகைகள்தான், கண்ணிவெடி. ஒரு மரவீட்டின் கீழே பாய் விரித்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். ரீமில் அந்த அண்ணன் டுச்சின் கதையைச் சொல்லச் சொல்ல, எங்களுக்கு மொழிபெயர்த்த கெமர் தம்பி மெல்ல மெல்லக் குரலைக் குறைத்தான், பிறகு நிறுத்திவிட்டான். தலையைக் குனிந்து, "இதை இவர்களுக்கு நான் சொல்லமாட்டேன்" என்றான். அவனும் விசுவாசிதான், எங்களைவிட ஆழமான விசுவாசி. அவனுடைய அம்மம்மாவும் அந்தப் பாயில்தான் இருந்தார்.

பாவிக்கு மன்னிப்பு உண்டு என்பதை நான் முழுமனதோடு நம்புகிறேன். அதை நம்பாவிட்டால் எனக்கே இடமில்லை. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவளின் வீட்டுக்குப் போய், கொன்றவன் இரட்சிக்கப்பட்டான் என்று மகிழ்ச்சியாக அறிவிக்க எங்களுக்கு யார் அதிகாரம் தந்தது? எங்கள் அம்மாவிடம் வேறு நாட்டில் இருந்து ஆறு பேர் வந்து இப்படிச் சொன்னால் நான் என்ன செய்திருப்பேன் என்று அன்று இரவு முழுக்க யோசித்தேன்.

நாங்கள் போயிருந்த நேரம் அங்கே பிச்சும் பென். பதினைந்து நாள், இறந்த முன்னோருக்காக. எங்கள் ஊரில் ஆடி அமாவாசைக்கு விரதம் இருப்பதுபோல என்று நினைத்துக்கொள்ளுங்கள். அது பேய்களுக்குப் படைப்பது, கிட்டப் போகக்கூடாது என்று முதலிலேயே எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஆனால் அடுத்த நாள் விடிய முன்னமே எழும்பிக் குசினிப் பக்கம் போனபோது அந்த யேய் (அங்கே அம்மம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) தனியாக இருந்து சோறு பிசைந்துகொண்டிருந்தார். ஒட்டும் அரிசிச் சோறு. எள்ளுப் போட்டு உள்ளங்கையில் உருட்டி, வாழையிலையில் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்தார். எங்கள் வீட்டு எள்ளுருண்டை மணம். அவர் கையில் சுட்ட தழும்பு ஒன்று, உருட்டும்போது அது மட்டும் மினுங்கியது. இருந்து பார்த்தேன். எள்ளுச் சட்டியை என்னிடம் நீட்டினார், பிடித்துக்கொண்டேன். அவ்வளவுதான் செய்தேன்.

பேரன் எழும்பி வந்து சொன்னான். யேயின் புருஷனும் இரண்டு பிள்ளைகளும் எங்கே செத்தார்கள் என்று தெரியாது. இறந்தவர்கள் ஏழு விகாரைகளில் தேடுவார்களாம், ஒன்றிலும் தங்கள் வீட்டுச் சோறு இல்லாவிட்டால் பசியோடு திரும்புவார்களாம். அதனால் முடிந்தவரைக்கும் ஏழுக்கும் போகப் பார்ப்பார். பிறகு யேய் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். "உங்கள் நாட்டிலும் சண்டை நடந்ததாமே, உன் வீட்டில் யார்?" என்று அவன் சொன்னான்.

பதினைந்து வருடமாகச் சபையில் சாட்சி சொல்கிறேன், இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அண்ணாவின் பெயரைச் சொன்னேன், அழுதேன். அந்த மனுஷி சோறு ஒட்டின கையோடு என் தலையைத் தடவினார். நான் சுவிசேஷம் சொல்லப் போன வீட்டில் கர்த்தர் எனக்கு ஆறுதல் தந்தது அந்தக் கையால்தான், இதை யார் எப்படி எடுத்தாலும் நான் மறைக்கப்போவதில்லை.

வேதத்தில் பிள்ளைகளை எல்லாம் இழந்த யோபுவின் சிநேகிதர்களை நாங்கள் எப்போதும் திட்டித்தான் பிரசங்கம் கேட்டிருக்கிறோம். ஆனால் வாயைத் திறக்க முன் ஏழு நாள், ஏழு இரவு அவனோடு தரையில் இருந்தார்களே, அதை யார் பேசுகிறார்கள்? எங்கள் சபைகளில் எல்லாச் சாட்சியும் வெற்றியில்தான் முடியவேண்டும். முடியாத துக்கத்தோடு பின் வாங்கில் இருக்கும் அம்மாக்கள் எத்தனை பேர், அவர்களுக்கு மைக் கொடுத்ததுண்டா? 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, அதையும் வேதத்தில்தான் வைத்திருக்கிறார்கள்.

அடுத்த வருடம் போகிற தம்பி தங்கைகளே, கட்டாயம் போங்கள். 1847இல் இங்கே வந்த அமெரிக்க மிஷனரி டொக்டர் கிறீன் மானிப்பாயில் தமிழ் படித்து, தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார், அதனால்தான் இன்றும் அவரை நினைக்கிறோம். பன்னிரண்டு நாளில் அது முடியாது, சரி. ஐம்பது கெமர்ச் சொல்லாவது படித்துக்கொண்டு போங்கள். உங்கள் வீட்டுத் துக்கத்தை இங்கே விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஒவ்வொரு இரவும் எத்தனை பேர் கை உயர்த்தினார்கள் என்று எண்ணி வட்ஸ்அப்பில் போடுவதை நிறுத்துங்கள், நானும் போட்டேன், இனிப் போடமாட்டேன்.

போன வெள்ளி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார் என்று பயந்தேன். முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தவர் கனநேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, "ஏழு இடத்துக்குமோ?" என்றார். ஓம் என்றேன். "அப்ப அந்த மனுஷி எத்தினை உருண்டை பிடிச்சவ?"

நான் எண்ணவில்லை அம்மா.