கறிவேப்பிலைக்காவது வாசனை இருந்தது

போன சனிக்கிழமை என் சின்னம்மா பையனுக்கு வேலை போனது. எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனி, காண்ட்ராக்ட் வேலை. "போனது" என்று நான்தான் சொல்கிறேன். அவன் சொன்னது, "பிரேக் குடுத்துட்டாங்கண்ணா."

சின்னம்மா அழ ஆரம்பித்துவிட்டார். "ஒன்றரை வருசம் புள்ளய சக்கையா புழிஞ்சுட்டு கறிவேப்பில மாரி தூக்கிப் போட்டுட்டானுங்களே!" அவன் டீயை உறிஞ்சிக்கொண்டே, "கறிவேப்பிலல்லாம் இல்லம்மா, யூஸ் அண்ட் த்ரோ. தெரிஞ்சுதானே சேர்ந்தேன்" என்றான்.

நாலு நாளாக இதே நினைப்பு எனக்கு. இரண்டும் ஒன்றுதானே என்று நாம் மாற்றி மாற்றிப் பேசுகிறோம். ஒன்று இல்லை.

கறிவேப்பிலை என்பது ஒரு புகார். கட்சியில் சீட் கிடைக்காதவர், மருமகள் வந்ததும் ஓரங்கட்டப்பட்ட மாமியார், கடன் வாங்கின பிறகு போனை எடுக்காத நண்பனைப் பற்றிப் புலம்புகிறவர், எல்லாருக்கும் அதே இலைதான். ஆனால் கவனித்துப் பாருங்கள், எறியப்பட்டவர் மட்டும்தான் அந்த வார்த்தையைச் சொல்வார். "அவனை நான் கறிவேப்பிலை ஆக்கினேன்" என்று யாரும் சொன்னதில்லை. எறிகிறவனுக்கு வேறு வார்த்தை இருக்கிறது: கழட்டி விட்டேன். அப்புறம், தன்னைக் கறிவேப்பிலை என்கிறவன் ஒரு விஷயத்தை விட்டுக்கொடுப்பதில்லை. உன் குழம்பு மணத்தது என்னால்தான். இலை தட்டின் ஓரத்துக்குப் போயிருக்கலாம், வாசனை உள்ளே போய்விட்டது. ஓட்டேரி மார்க்கெட்டில் கொசுறாக வாங்கி வந்த இலைக்கும் அந்த கெத்து உண்டு. (இப்போது கொசுறு கேட்டால் முறைக்கிறார்கள், அது தனிக் கதை.)

அப்பாவிடம் வேறொரு வார்த்தை இருந்தது. பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில் இருந்தவர். ரயில் பெட்டி ஆயுள் முடிந்தால் "கண்டம் ஆயிடுச்சு" என்பார். ஜாதகக் கண்டம் இல்லை, இனி உதவாது என்று ஒதுக்குகிற 'கண்டெம்ன்' என்ற இங்கிலீஷ் வார்த்தை, ஒர்க்‌ஷாப் வாயில் தேய்ந்து தமிழான கண்டம். ஐசிஎஃப், அதாவது பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் செய்த பெட்டிக்கு 25 வருடம் கணக்கு. அதற்குள் எத்தனையோ முறை ஷெட்டுக்கு வந்து, பிரித்து, மாட்டி, பெயின்ட் அடித்துப் போகும். கண்டம் ஆவதற்கும் பேப்பர் வேண்டும், பார்த்துக் கையெழுத்துப் போட ஆபீசர் வேண்டும். ரிடையர் ஆன அன்று மாலையோடு வீட்டுக்கு வந்து, "நானும் கண்டம்டா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் வருத்தம் இருந்ததா என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. பென்ஷன் இருந்தது என்பது தெரியும்.

யூஸ் அண்ட் த்ரோ இது இரண்டிலும் சேராது. அதில் எறிவது கடைசியில் நடப்பதில்லை, முதலிலேயே முடிவாகிவிடுகிறது. டீக்கடை பேப்பர் கப் செய்யும்போதே குப்பைதான், நடுவில் ஐந்து நிமிடம் டீ இருக்கும், அவ்வளவுதான். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் இப்படி ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக்குக்குத் தடை. பிளாஸ்டிக் பூசின பேப்பர் கப்பும் அந்தப் பட்டியலில் உண்டு. மனிதனை அப்படி எறிய ஒரு தடை இருக்கிறதா?

கிட்டத்தட்ட இருக்கிறது. 1981-இல் தமிழ்நாட்டில் வந்த சட்டம்: 24 மாதத்துக்குள் 480 நாள் வேலை செய்தால் அந்தத் தொழிலாளி நிரந்தரம். நம்ம ஏரியாவில் வேலைக்குப் போகிற எந்தப் பையனைக் கேட்டாலும் "480 நாள்" என்று சொல்வான். எண்ணிக்கொண்டுதான் போகிறான். அவனைவிட நன்றாக எண்ணுகிறவர்கள் ஆபீசில் இருக்கிறார்கள். மாதம் 26 நாள் வேலை என்று போடுங்கள், 18 மாதத்துக்கு 468. இவனுக்கு பிரேக் வந்தது எந்த மாதம் என்று மேலே சின்னம்மா சொன்னதைப் போய்ப் பாருங்கள்.

எனக்குக் கோபம் பிரேக் மேல் மட்டும் இல்லை, அவன் அதைச் சொன்ன நிதானத்தின் மேலும்தான். கறிவேப்பிலை என்று கத்தியிருந்தால், "என்கிட்ட வாங்கிக்கிட்டே, திருப்பிக் கொடு" என்று கேட்க ஒரு வாய் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். யூஸ் அண்ட் த்ரோ என்று தானே சொல்லிக்கொள்கிறவன் என்னத்தைக் கேட்பான்? வியாசர்பாடியில் இருக்கிற எங்களுக்கு, எறிந்தது மாயமாகிவிடும் என்ற நினைப்பே கிடையாது. சென்னையின் முதல் எட்டு மண்டலத்துக் குப்பையும் பக்கத்துக் கொடுங்கையூர் குப்பைமேட்டில்தான் வந்து விழுகிறது, இடம் 340 ஏக்கருக்கு மேல். அங்கேயே ஒவ்வொன்றாகப் பொறுக்கி, பிரித்து, காயலான் கடையில் எடை போட்டுக் காசாக்குகிறார்கள். பழைய இரும்புக்கு இங்கே கிலோ விலை உண்டு.

சனிக்கிழமை கேட்டில் என்ன நடந்தது என்று கேட்டேன். ஐடி கார்டை வாங்கிக்கொண்டார்களாம். ஹெல்மெட்டை வாங்கித் தட்டிப் பார்த்து, விரிசல் இல்லை என்று ரெஜிஸ்டரில் எழுதி, கையெழுத்து வாங்கி, அடுத்த ஆளுக்குக் கொடுக்க அலமாரியில் வைத்தார்களாம்.

நேற்று ராத்திரி போன் வந்திருக்கிறது. அதே கம்பெனி, அதே கேட், வேறு காண்ட்ராக்டர். திங்கட்கிழமை புது ஆளாகச் சேர வேண்டும், நாள் கணக்கு ஒன்றிலிருந்து. போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பைக் டியூ இருக்கிறது. பழைய ஹெல்மெட்டின் உள்பட்டையில் பேனாவால் தன் பேரை எழுதி வைத்திருந்தானாம். அதே ஹெல்மெட் கைக்கு வந்தால் போட்டோ எடுத்து அனுப்புகிறேன் என்றான்.