புதிதாக லினக்ஸுக்கு வருபவருக்கு ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள்

"விண்டோஸ் 10-க்கு அப்டேட் நின்றுபோச்சாமே, லினக்ஸ் போடலாமா, எது போடலாம்?" என்று யாராவது கேட்டால் போதும். உபுண்டு, ஃபெடோரா, சோரின், ஆர்ச் என்று விண்டோஸுக்கு மாற்றான இந்த இலவச இயங்குதளத்தின் வகைகளில் பதினைந்து பெயர்கள் வந்து விழும். கேட்டவர் மிரண்டுபோய்ப் பழைய விண்டோஸிலேயே இருந்துவிடுவார். தயவுசெய்து இதை நிறுத்துவோம்.

நான் சொல்வது ஒன்றுதான்: லினக்ஸ் மின்ட், சின்னமன் பதிப்பு. ரேம் 2 ஜிபி மட்டும் உள்ள பழைய கணினி என்றால் அதே மின்ட்டில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு. உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் உதவக்கூடியவர் உபுண்டுதான் பயன்படுத்துகிறார் என்றால் மட்டும் உபுண்டு போடுங்கள். சிக்கல் வரும் இரவில் கூப்பிட ஆள் இருப்பது மற்ற எதையும்விட முக்கியம். 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் (BOSS) என்ற இந்திய லினக்ஸும் இருந்தது. எனக்குத் தெரிந்த பிள்ளைகள் பலர் அதை ஒருநாள்கூடத் திறக்கவில்லை. திறந்து காட்ட ஆளில்லை, அவ்வளவுதான். இன்றும் அதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

போன மாதம் சித்தப்பாவின் மடிக்கணினியில் மின்ட் போட்டேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் அவர். கணினி 2015-இல் வாங்கியது, 4 ஜிபி ரேம். விண்டோஸ் 11 கேட்கும் ப்ராசசர் அதில் இல்லை. முதலில் எதையும் அழிக்காமல் பென்டிரைவிலிருந்தே மின்ட்டை ஓடவிட்டு அவர் கையில் கொடுத்தேன். வைஃபை பிடிக்கிறதா, ஸ்பீக்கரில் சத்தம் வருகிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா, பிரின்டரில் ஒரு தாள் வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அரை மணி நேர வேலை. இதைச் செய்யாமல் யாரும் ஹார்ட் டிஸ்க்கில் கைவைக்காதீர்கள்.

நிறுவிய பிறகு தமிழ்99 விசைப்பலகை அமைத்துக் கொடுத்தேன். 'அம்மா' என்று அடித்துப் பார்த்தார். ம-வை இரண்டு தடவை தட்டியதும் முதல் ம-வின் தலையில் புள்ளி தானாக விழுந்தது. "அட, இதுதானே நான் விண்டோஸிலேயும் அடிச்சது" என்றார். அதற்குப் பிறகு அவருக்குப் பயமே இல்லை. கீழே இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம், எல்லாம் பழகிய இடத்தில் இருப்பதுதான் மின்ட்டின் பலம். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலை அவர் இன்னும் பார்த்ததே இல்லை. பார்க்கத் தேவையும் வரவில்லை.

மின்ட்டிலேயே இருக்கும் டைம்ஷிஃப்ட் என்ற கருவியை முதல் நாளே ஆன் செய்துவிடுங்கள். ஏதாவது அப்டேட் சொதப்பினால் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் அது சிஸ்டத்துக்கு மட்டும்தான். போட்டோவையும் ஆவணங்களையும் தனியாக ஒரு வெளி டிஸ்க்கில் எடுத்து வையுங்கள்.

டேலியிலோ போட்டோஷாப்பிலோதான் பிழைப்பு என்றால் விண்டோஸை அழிக்க வேண்டாம். அவை லினக்ஸில் நேரடியாக ஓடாது. வேறு கணினியில் மின்ட் போடுங்கள்.

மின்ட் ஏற்றிய பென்டிரைவ் என்னிடம் இரண்டு இருக்கிறது. நம்ம ஊர்க்காரர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் இன்பாக்ஸுக்கு வாருங்கள், ஞாயிற்றுக்கிழமை கூடவே உட்கார்ந்து போட்டுத் தருகிறேன்.