கொடி மாறிய மறுநாள் காலை

கிளர்ச்சிக் கதைகள் மீது எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. கொடுங்கோலன் செத்து விழுவான், கோட்டையில் கொடி மாறும், ஊரே கூடிக் கொண்டாடும், அதோடு கதையும் முடிந்துவிடும். மறுநாள் காலை கோட்டைக் கதவை யார் திறந்தார்கள், இரவுக் காவலுக்கு யார் நின்றார்கள், தோற்றுப்போன பக்கத்தில் இருந்த காவலர்களை என்ன செய்தார்கள், இதையெல்லாம் யாரும் சொல்வதில்லை. எனக்கோ கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது. நேற்றுவரை இருட்டில் ஒளிந்திருந்து அடித்தவர்கள் இன்று அதே ஊருக்குக் காவல் நிற்கவேண்டும் என்றால் அவர்களுக்குள் என்னவெல்லாம் மாறவேண்டும்?

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். காரணம், பாத்ஃபைண்டர். பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதையை நாமே நடத்திப் பார்க்கும் விளையாட்டு. அதில் 2015இல் தொடங்கி 2016இல் முடிந்த ‘ஹெல்ஸ் ரெபெல்ஸ்’ என்ற ஆறு பாகத் தொடர்கதையை நண்பர்களுக்கு நான்தான் கேம் மாஸ்டராக, அதாவது கதையைச் சொல்லி மற்றப் பாத்திரங்களுக்கெல்லாம் குரல் கொடுப்பவராக இருந்து நடத்தினேன். விளையாடும் எண்ணம் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கதை முழுவதையும் உடைக்கப் போகிறேன்.

கோலாரியன் என்ற உலகம். அதில் செலியாக்ஸ் என்ற நாட்டை த்ரூன் என்ற அரச குடும்பம் ஆள்கிறது. உள்நாட்டுப் போரில் வெல்வதற்காக நரகத்தோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்ட குடும்பம் அது. அந்நாட்டின் வடமேற்கு மூலையில் ரவுனெல் என்ற பகுதி, அதன் தலைநகரம் கின்டார்கோ. நாடகமும் இசையும் ஊறிப்போன துறைமுக ஊர், அரசகுடும்பத்துக்கு எப்போதும் கொஞ்சம் அடங்காத ஊர். அங்கே ராணுவச் சட்டத்தோடு பார்சிலாய் த்ரூன் வந்து இறங்குகிறான். ஒரே இரவில் ஊரில் பல வீடுகள் எரிகின்றன, எதிர்க்கக்கூடியவர்கள் சாகிறார்கள் அல்லது காணாமல் போகிறார்கள். சாம்பல் இரவு என்று அதற்குப் பெயர். இசைநாடக அரங்கையே அவன் தன் இருப்பிடமாக்கிக்கொள்கிறான். அதன் எதிரே உள்ள பூங்காவில் மக்கள் கூடிக் கூச்சல் போடும் நாளில்தான் நம் ஆட்கள் முதன்முதலாகச் சந்திக்கிறார்கள்.

அவர்கள் எடுத்துக்கொள்ளும் பெயர் சில்வர் ரேவன்ஸ், வெள்ளி அண்டங்காக்கைகள். இது புதுப் பெயர் இல்லை. சுமார் எழுபது வருடங்களுக்கு முன்பு த்ரூன் குடும்பம் ஆட்சியைப் பிடித்தபோது எதிர்த்து நின்ற ஒரு குழுவின் பெயர். ஜெயித்தவர்கள் அந்தக் குழுவை ஏடுகளிலிருந்தே அழித்துவிட்டார்கள். சாம்பல் இரவில் பெற்றோரை இழந்த ரெக்ஸஸ் என்ற இளைஞன் கையில் மிஞ்சியிருந்த காகிதங்களிலிருந்து அந்தப் பெயர் திரும்ப வெளியே வருகிறது. எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். கிளர்ச்சிக்காரர்களுக்கு முதலில் வாள் கிடைப்பதில்லை. ஒரு தாத்தா பாட்டி கிடைக்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆறு பாகத்தில் நாலாவது பாகத்தின் முடிவிலேயே ஊர் விடுதலையாகிவிடுகிறது. பார்சிலாய் செத்துவிடுகிறான். மற்ற கதைகளாக இருந்தால் பாட்டுப் போட்டு முடித்திருப்பார்கள். இங்கே இன்னும் இரண்டு பாகம் மிச்சம் இருக்கிறது, அதில் ஒரு பாகத்தின் நடுநாயகமே ஒரு பத்திரம்! நரகத்தோடு போட்ட அந்தப் பழைய உடன்படிக்கையோடு ஒட்டிய கின்டார்கோ ஒப்பந்தத்தைத் தேடிப் பிடித்து, அதைக் காட்டித்தான் செலியாக்ஸைப் பேச்சுவார்த்தைக்கு இழுக்கிறார்கள். ரவுனெல் மீது படையெடுத்தால் த்ரூன் குடும்பம் தன் சொந்த உடன்படிக்கையையே மீறியதாகிவிடும், ஆட்சிக்கே ஆபத்து. ஒரு பேரரசின் படையை இந்தச் சின்னக் குழு வாளால் ஒருநாளும் தடுத்திருக்க முடியாது. எழுத்தால் தடுத்தது. அதன்பின் 2019இல் வந்த பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில் ரவுனெல் தனி நாடு, முன்னாள் மேயர் ஜிலியா பைனிலஸ் அதன் தலைவி, வெள்ளி அண்டங்காக்கைகள் அந்த மண்ணின் காவலர்கள்.

இதில் கவனித்தீர்களா, தலைமை நாற்காலியில் உட்கார்ந்தது கிளர்ச்சிக் குழு இல்லை. முன்பே மேயராக இருந்து, பார்சிலாய் வந்ததும் காணாமல் போன ஒருத்தி. சண்டை போட்டவர்கள் காவலுக்குப் போனார்கள், ஆட்சி வேறு கைக்குப் போனது. மொத்தக் கதையிலும் மிகப் பெரிய துணிச்சல் இதுதான் என்பேன், கோட்டையைப் பிடித்ததைக்கூட அதற்கு அடுத்துதான் வைப்பேன். உயிரைப் பணயம் வைத்தவர்களுக்கு நாற்காலியில் உரிமை இல்லையா என்று என் மேசையிலேயே ஒரு நண்பர் கோபமாகக் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அவர் கேட்ட அந்தத் தொனியிலேயே எனக்குப் பதிலும் இருந்தது.

இந்தத் தொடரில் கிளர்ச்சியை நடத்துவதற்கென்றே தனி விதிமுறை உண்டு. வாராவாரம் கணக்குப் பார்க்க வேண்டும். விசுவாசம், ரகசியம், பாதுகாப்பு என்று மூன்று விஷயங்களுக்குப் பகடை உருட்ட வேண்டும். எதிரியின் கண்ணில் எவ்வளவு பட்டிருக்கிறோம் என்பதற்கு ஓர் எண், அது ஏற ஏற ஆபத்து. குழுவுக்கு ஆறு பொறுப்புகள்: மேடையில் பேசுபவர், போராளி, ஆள் சேர்ப்பவர், காவலாள், உளவுத் தலைவர், திட்டம் வகுப்பவர். தெருக்கலைஞர்கள், தலைச்சுமையாகக் கொண்டுவந்து விற்பவர்கள் எல்லாம் குழுக்களாகச் சேர்ந்து தகவல் கொண்டுவருவார்கள். அருமையான அமைப்பு. மாதக்கணக்கில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு விளையாடினோம், ஆபத்து எண்ணைப் பென்சிலால் எழுதி எழுதி அழித்து அந்தக் கட்டம் மட்டும் தாளில் ஓட்டையே விழுந்துவிட்டது.

ஊர் விடுதலையான வாரம் அந்தத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பகீரென்றது. அந்த ஆறு பேரில் மனு வாங்குபவர் ஒருவரும் இல்லை. வழக்குக் கேட்பவர் இல்லை. தப்பு செய்த நம் ஆளையே பிடித்து விசாரிப்பவர் இல்லை. ரகசியத்துக்கு உருட்டப் பகடை இருக்கிறது, நேர்மைக்கு இல்லை. விதிமுறை எழுதியவர்களைக் குறை சொல்லவில்லை, ஒளிந்து வாழும் குழுவுக்கு அதெல்லாம் தேவைப்படாது. ஆனால் காவலுக்கு நிற்கும் குழுவுக்கு முதலில் வேண்டியதே அதுதான். இரண்டு வருடம் உயிரைக் காப்பாற்றிய பழக்கங்கள், யாரையும் நம்பாமல் இருப்பது, பெயரைச் சொல்லாமல் இருப்பது, முந்திக்கொண்டு அடிப்பது, இவை அத்தனையும் கொடி மாறிய மறுநாளே ஊருக்கு விஷமாகிவிடும். மாறாதவர்கள் கெட்டவர்களாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பழகிப்போனதைத் தொடர்ந்து செய்தாலே போதும்.

அதனால் அடுத்த அமர்வில் சண்டை வைக்கவில்லை. நகர மண்டபத்தில் ஒரு மேசை போட்டு, புதுக் காவலர்களைப் பார்க்க மக்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்று சொன்னேன். முதலில் சின்னச் சின்ன வழக்குகள். கூரை எரிந்தவர், கடன் பத்திரம் தொலைந்தவர். நாலாவதாக ஒரு பெண். அவர் மகன் டோட்டாரியில் இருந்தான், அதாவது கின்டார்கோவின் நகரக் காவல் படையில். பத்தொன்பது வயது. ஆரம்பத்தில் ஒருநாள் இரவுக் காவலுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. “ஊருக்கு நல்லது நடந்தால் சரி, நான் அதைக் கேட்க வரவில்லை. அவன் உடம்பு எங்கே என்று மட்டும் சொல்லுங்கள்” என்றார்.

நான் இதை இட்டுக்கட்டவில்லை. அந்தப் பையனை எங்கள் குழு மூன்றாவது அமர்வில் கொன்றிருந்தது. கிடங்குக் கதவருகில் நின்ற காவலாள், பெயர்கூட வைக்கவில்லை, பின்னாலிருந்து ஒரே அடி, இருபது பக்கப் பகடையில் உச்ச எண்ணான இருபதே விழுந்ததற்குக் கைதட்டினோம். யோலுபிலிஸ் ஆற்றில் உடம்பைத் தள்ளிவிட்டு ஆபத்து எண் ஏறாமல் தப்பித்தோம் என்று சந்தோஷப்பட்டோம். எல்லாம் குறிப்பேட்டில் இருந்தது. அந்த அடியை அடித்த பாத்திரத்தை ஆடிய நண்பர் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்துப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். கிட்டத்தட்ட இரண்டு மணிநேரம் போனது, ஒரு பகடைகூட உருளவில்லை. ஒருவர் பொய் சொல்லலாம் என்றார். இன்னொருவர், அந்த அம்மாவுக்குப் பணம் கொடுத்து அனுப்பலாம் என்றார். உளவுத் தலைவராக இருந்தவர், பழக்க தோஷத்தில், இந்த அம்மாவை யார் அனுப்பியிருப்பார்கள் என்று யோசிக்க ஆரம்பித்தார். அவர் வாயிலிருந்து அது வந்ததும் மற்ற மூன்று பேரும் அவரைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. அவருக்கே புரிந்துவிட்டது. அந்த வார்த்தை பார்சிலாய் பேசியிருக்க வேண்டிய வார்த்தை.

இது கற்பனை உலகத்துக்கு மட்டும் உள்ள சிக்கல் இல்லை. ஸ்பெயின் ஆட்சியை எதிர்த்த நெதர்லாந்துக்காரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1566இல் மனு கொடுக்க வந்த பிரபுக்களைப் பிச்சைக்காரர்கள் என்று இகழ்ந்தார்கள், அந்த வசவையே அவர்கள் பட்டமாகச் சூட்டிக்கொண்டார்கள். அதில் கடலில் இறங்கிக் கொள்ளையடித்துத் திரிந்தவர்கள்தான் கடல் பிச்சைக்காரர்கள். 1572 ஏப்ரல் 1 அன்று அவர்கள் பிரில் என்ற சின்னத் துறைமுகத்தைப் பிடித்தபோதுதான் கிளர்ச்சிக்குக் கால் ஊன்ற நிலம் கிடைத்தது. அதே கோடையில் அவர்களின் தளபதி லூமே, பெரும்பாலும் கோர்க்கம் ஊரில் பிடிபட்ட 19 கத்தோலிக்கத் துறவிகளையும் பாதிரிமார்களையும் தூக்கில் போட்டான். கிளர்ச்சியின் தலைவரான ஆரஞ்சு வில்லியம் அவர்களை விட்டுவிடச் சொல்லியும் கேட்கவில்லை. பிறகு அவனைப் பதவியிலிருந்தே இறக்க வேண்டி வந்தது. ஊரை மீட்டவனும் அவன்தான், ஊருக்குக் காவலாக வைக்க முடியாதவனும் அவன்தான். கடலில் இருந்தவரை அவனுடைய மூர்க்கம் வீரமாகத் தெரிந்தது, கரையேறியதும் அதே மூர்க்கம் கொலையாகிவிட்டது.

ஹெல்ஸ் ரெபெல்ஸின் கடைசிப் பாகத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தக் கதையை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. பார்சிலாய் சாவதற்கு முன்பே ஒரு திட்டம் போட்டு வைத்திருந்தான். செத்தபின் ரவுனெல் நிலத்தின் ஆவியாகவே மாறிவிட வேண்டும் என்று. மலையும் ஆறும் ஊரும் அவனாகிவிட வேண்டும். அதைத் தடுக்கத்தான் நம் ஆட்கள் நரகத்துக்கே போகிறார்கள். முதலில் படித்தபோது, சரி, பெரிய சண்டையோடு முடிக்க ஒரு சாக்கு என்று நினைத்துக் கடந்துவிட்டேன். நடத்தும்போதுதான் உறைத்தது. ‘இந்த மண்ணே நான்தான்’ என்று சொல்ல ஆசைப்பட்டவன் எதிரி. அவனை வென்றவர்களுக்கு அடுத்து வரக்கூடிய ஆசையும் அதேதான், ‘நாங்கள் இல்லாவிட்டால் இந்த மண்ணே இல்லை’ என்பது. காவலுக்கு நிற்பவன் மண்ணின் மேல் நிற்கிறான். அவனையும் ஒருநாள் மாற்றலாம், இன்னொருவன் வந்து அதே இடத்தில் நிற்கலாம். அந்த எண்ணத்தைத் தாங்கிக்கொள்ள முடியாதவன் பார்சிலாய்தான், என்ன பெயர் வைத்துக்கொண்டாலும்.

“விளையாட்டில் எதற்கு இந்த வேலை, மனு வாங்குவதும் கணக்குப் பார்ப்பதும்தான் வாழ்க்கையிலேயே இருக்கிறதே” என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு டிராகன் வேண்டும், வைத்துக்கொள்ளட்டும். ஆனால் கிளர்ச்சியை வைத்துக் கதை சொல்லப் போகிறீர்கள் என்றால், உங்கள் நாயகர்கள் யாரைக் கொன்றார்கள் என்று கேட்க அந்த ஊரில் ஒரு ஆளாவது உயிரோடு இருக்கட்டும். எதிரிப் படை என்று மொத்தமாகச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். டோட்டாரியில் சேர்ந்த பையன்களில் பாதிப்பேர் கின்டார்கோவில் பிறந்தவர்களாகத்தான் இருப்பார்கள், சம்பளத்துக்குச் சேர்ந்தவர்களாக இருப்பார்கள். காவலர்களாக மாறும் கிளர்ச்சிக்காரர்கள் நாளை யாரைக் காக்கப் போகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? அந்தப் பையனின் அம்மாவையும் சேர்த்துத்தான்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். என் நண்பர் கடைசியில் தன் பாத்திரத்தின் முகமூடியைக் கழற்றுவதாகச் சொன்னார். எங்கள் குழுவில் யாரும் அதுவரை பொது இடத்தில் முகமூடியைக் கழற்றியதில்லை. தன் பெயரைச் சொன்னார். “நான்தான் அம்மா. பின்னாலிருந்து அடித்தேன். ஆற்றில் போட்டோம்” என்றார். அந்த அம்மாவாக நான்தான் பேச வேண்டும், எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. எந்தப் படித்துறை என்று கேட்டேன். குறிப்பேட்டில் அது இல்லை. அவருக்கு நினைவும் இல்லை.

அடுத்த வாரம் எல்லோரும் வந்ததும், கதையை எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டேன். படகிலிருந்து என்றார்கள். யோலுபிலிஸில் நாலு படகு, நீளமான கழிகள், கிடங்கிலிருந்து கடல் முகம்வரை ஒவ்வொரு படித்துறையாக. அந்த அம்மா முதல் படகில் உட்கார்ந்திருந்தார். அதற்கு விதிமுறை எதுவும் புத்தகத்தில் இல்லை, எதை உருட்டுவது என்றும் தெரியவில்லை. பகடையை ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு துறையின் பெயரையும் ஒருவர் சொல்ல, நான் பழைய ஆபத்துக் கணக்குத் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தேன்.