ஒரு ஃபிளாட்டுக்குள் எத்தனை தண்ணீர்க் குழாய் நுழைகிறது?

அடுக்குமாடி விளம்பரக் கையேடுகளில் இப்போது தண்ணீருக்கென்றே ஒரு பக்கம் ஒதுக்கிவிடுகிறார்கள். மழைநீர் சேகரிப்பு, கழிவுநீர் சுத்திகரிப்பு, மறுபயன்பாடு எல்லாம் வரிசையாக இருக்கும். வாங்குபவர் தலையாட்டிவிட்டு மாடுலர் கிச்சன் பக்கத்துக்குப் போய்விடுவார். அந்தப் பக்கத்தில் இல்லாத விஷயம் ஒன்றுதான் எனக்கு முதலில் தெரிய வேண்டும்: ஒரு வீட்டுக்குள் தண்ணீர் எத்தனை இடத்தில் நுழைகிறது?

வழக்கமான பிளம்பிங்கில் ஒவ்வொரு குளியலறைக்கும் பக்கத்திலேயே ஒரு டக்ட், அதாவது குழாய்கள் மேலிருந்து கீழே இறங்கும் இடைவெளி, இருக்கும். மாடித் தொட்டியிலிருந்து அந்த டக்ட் வழியாக ஒரு குழாய் இறங்கும். மூன்று குளியலறை, ஒரு சமையலறை, ஒரு துணி துவைக்கும் இடம் என்றால் ஒரே வீட்டுக்கு நான்கைந்து இன்லெட். 100 வீடு இருந்தால் தண்ணீரை அளக்க 400, 500 மீட்டர் மாட்ட வேண்டும். யாரும் மாட்டமாட்டார்கள். கடைசியில் தண்ணீர்ச் செலவைச் சதுர அடிக்கு வகுத்துப் பராமரிப்புக் கட்டணத்தில் சேர்த்துவிடுவார்கள். ஒழுகும் ஃபிளஷ் தொட்டியைச் சரிசெய்பவருக்கும் சரிசெய்யாதவருக்கும் ஒரே பில்.

இது வெறும் நியாய அநியாயப் பிரச்சினை இல்லை. 2004இல் அமெரிக்காவில் அடுக்குமாடிக் குடியிருப்புகளை வைத்துப் பெரிய ஆய்வு ஒன்று வந்தது. வீட்டுக்கு வீடு தனி மீட்டர் வைத்த இடங்களில் பயன்பாடு 15.3 சதவீதம் குறைவாக இருந்தது. மொத்தச் செலவை ஏதோ ஒரு சூத்திரத்தில் வகுத்து வசூலித்த இடங்களில் சொல்லிக்கொள்ளும்படி எந்தக் குறைவும் இல்லை. பில் வந்தால் மட்டும் போதாது, அவரவர் அளவு அவரவர் பில்லில் தெரிய வேண்டும்.

வரைபடம் போடும்போதே யோசித்தால் இது எளிது. லாபி டக்டில் ஒரு பொதுக் குழாய், அதிலிருந்து வீட்டுக்கு ஒரு கிளை, அங்கேயே மீட்டரும் வால்வும், பிறகு ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே வீட்டுக்குள் பிரிப்பு. கூடுதலாகச் சில மீட்டர் குழாயும், உத்தரத்தைத் தாண்ட வழியும் வேண்டும், அவ்வளவுதான். டைல்ஸ் ஒட்டிய பிறகு இதைச் செய்வது கிட்டத்தட்ட நடக்காத காரியம். ஃபிளஷுக்கு மறுசுழற்சி நீர் தனியாக வருவதானால் இரண்டு இன்லெட். அதற்கு மேல் இருந்தால் ஏன் என்று பில்டரிடம் கேட்கலாம்.

மீட்டரிலும் சிக்கல்கள் உண்டு. மாடித் தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் வீட்டில் மூன்று மீட்டர் உயரத்துத் தண்ணீர் தரும் அழுத்தம்கூட இருக்காது. மீட்டர் தானே கொஞ்சம் அழுத்தத்தைத் தின்னும் என்பதால் ஷவரில் நூல் மாதிரிதான் தண்ணீர் வரும், அந்த வீட்டுக்காரர் முதல் வாரத்திலேயே மீட்டரைக் கழற்றச் சொல்வார். மேல் இரண்டு மூன்று மாடிகளுக்குச் சிறிய பூஸ்டர் பம்ப் இல்லாமல் மீட்டர் திட்டம் தேறாது. இன்னொன்று, தொட்டி காலியாகி மறுபடி நிரம்பும்போது குழாயில் இருக்கும் காற்றும் சாதாரண மீட்டரைச் சுற்றிவிடும். சண்டைகளில் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

கீழ் மாடிகளில் கதை தலைகீழ். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம். 20 மாடிக் கட்டடத்தின் அடியில் 6 பார் இருக்கும். அழுத்தம் நான்கு மடங்கானால் குழாயில் கொட்டும் அளவு இரண்டு மடங்காகும். 1.5 பாரில் நிமிடத்துக்கு 8 லிட்டர் தரும் குழாய் 6 பாரில் 16 லிட்டர் தரும். அழுத்தம் குறைக்கும் வால்வுகளை வைத்து 2 முதல் 3 பாருக்குள் கட்டுப்படுத்தினால், யாருக்கும் அறிவுரை சொல்லாமலே தண்ணீர் மிச்சமாகும். அந்த வால்வுக்கு முன்னால் ஒரு வடிகட்டி, பின்னால் ஒரு அழுத்தமானி அவசியம். மணல் மாட்டி வால்வு திறந்தபடியே நின்றுவிட்டால் வேறெப்படித் தெரியும்?

இனி எஸ்டிபி, அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். 'ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே போகாது' என்று எழுதியிருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 வீடு, 400 பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்றால் நாளுக்கு 54,000 லிட்டர். அதில் 85 சதவீதம் கழிவுநீராக வந்தால் சுமார் 46,000. சுத்திகரித்த பின் 43,000 கையில் நிற்கும். இரட்டை ஃபிளஷ் உள்ள கழிப்பறைகளுக்கு ஆளுக்கு 25 லிட்டர் வைத்தாலும் 10,000தான். 1,000 சதுர மீட்டர் தோட்டத்துக்கு 5,000. மீதி 28,000 லிட்டர் தினமும் எங்கே போகிறது? இதற்கு பில்டரிடம் பதில் இல்லையென்றால், ராத்திரியில் மழைநீர் வடிகாலுக்குள் போகிறது என்று அர்த்தம். குளிரூட்டும் கோபுரம், பக்கத்துக் கட்டுமானம், கூடுதல் வடிகட்டலுக்குப் பின் வேறு பயன்பாடு என்று உபரிக்கு ஒரு போக்கிடம் திட்டத்திலேயே இருக்க வேண்டும்.

எஸ்டிபி கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு காரணத்தால். முதல் காரணம், ஐந்தில் ஒரு பங்கு வீடுகளில் மட்டும் ஆள் வந்திருக்கும்போதே முழு நிலையத்தையும் ஓட்டுவது. அழுக்கைத் தின்னும் நுண்ணுயிருக்குத் தீனி போதாமல் அது செத்துப்போகும். இரண்டு பாதியாகக் கட்டி, முதலில் ஒரு பாதியை ஓட்டுவதே சரி. அடுத்தது மின்கட்டணத்துக்குப் பயந்து, தொட்டிக்குள் காற்றைச் செலுத்தும் புளோவரை நிறுத்துவது. காற்று நின்ற சில மணி நேரத்தில் தொட்டி நாறத் தொடங்கும், அந்த நாற்றம் ஃபிளஷ் நீரிலும் ஏறும். குடியிருப்போர் கத்துவார்கள். உடனே யாரோ ஒருவர் நல்ல தண்ணீர்க் குழாயை ஃபிளஷ் லைனோடு ஒரு வால்வ் வைத்து இணைத்துவிடுவார். மறுபயன்பாடு அன்றோடு முடிந்தது. அதைவிட மோசம், அந்த வால்வ் ஒழுகினால் கழிவுநீர் குடிநீர்ப் பக்கம் வரலாம். நல்ல தண்ணீர் ஃபிளஷ் தொட்டிக்குள் மேலிருந்து, இடைவெளி விட்டு விழ வேண்டும். குழாயோடு குழாய் சேரவே கூடாது.

எஸ்டிபி கரைந்த உப்பை எடுக்காது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கடின நீரை மென்மையாக்கும் வாட்டர் சாஃப்ட்னரைக் கழுவிய உப்புநீரைக் கழிவுக் குழாயில் விட்டால் அது அப்படியே தோட்டத்துக்குப் போய்ச் சேரும். செடி இலை ஓரம் கருகினால் தோட்டக்காரரைத் திட்டாதீர்கள்.

மழைநீரைப் பற்றிச் சுருக்கமாக. 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் பெய்தால் 1 லிட்டர். 500 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் பெய்தால், சேதாரம் போகச் சுமார் 21,000 லிட்டர் கிடைக்கும். கூரை நீரை முதல் மழையைக் கழித்துவிட்டுச் சம்புக்கே கொண்டுபோகலாம். கார் நிறுத்துமிடத்து நீரில் எண்ணெய் இருக்கும், அதை ஆழ்துளைக் கிணற்றுக்குள் நேராக விடுவது நிலத்தடி நீரைக் கெடுக்கும் வேலை. களிமண் நிலத்தில் ஆழமில்லாத உறிஞ்சுகுழி தோண்டுவது கணக்குக் காட்டத்தான் உதவும்.

கட்டடத்தை ஒப்படைக்கும் நாளில் லிஃப்டையும் ஜெனரேட்டரையும் சோதிப்பவர்கள் குழாயைச் சோதிப்பதில்லை. முதலில் நல்ல தண்ணீர் லைனை மூடிவிட்டு எல்லாக் குழாய்களையும் திறந்து பாருங்கள். எந்தக் குழாயிலாவது தண்ணீர் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் ஃபிளஷ் லைன் அங்கே கலந்திருக்கிறது. குடியேறிய பிறகு, ஒரு நாள் இரவு 2 மணிக்கு மாடித் தொட்டிக்கு ஏற்றும் மோட்டாரை நிறுத்தித் தொட்டியின் மட்டத்தைக் குறித்து வையுங்கள். 4 மணிக்கு மறுபடி பாருங்கள். 20 சதுர மீட்டர் பரப்புள்ள தொட்டியில் 5 சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் 1,000 லிட்டர். ஊரே தூங்கும் நேரத்தில் இது பெரும்பாலும் ஒழுகல்தான், அதாவது நாளுக்கு 12,000 லிட்டர். ஒவ்வொரு டக்டின் வால்வையும் ஒரு ராத்திரிக்கு ஒன்றாக மூடிப் பார்த்தால் எந்தப் பக்கம் என்று பிடித்துவிடலாம். வால்வுகளில் எண் எழுதியிருந்தால்.