டிஸ்பென்சரி பக்கத்தில்தான் இருக்க வேண்டும்

கொழும்பில் தோட்டம் என்று சொல்லும் எங்கள் ஏழைக் குடியிருப்பின் டிஸ்பென்சரியை மூடப்போகும் செய்திக்குக் கீழே ஒருவர் எழுதியதைப் பார்த்திருப்பீர்கள். "கொழும்பில் பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றனவே, அங்கே போகலாமே." அதற்கு அத்தனை லைக்.

போகலாம். ஆனால் யார் போவது? பிரஷர் மருந்துக்காக விடியவே போய் நம்பர் எடுத்து நின்றால், புறக்கோட்டையில் மூட்டை தூக்குபவருக்கு அன்றைய கூலி போச்சு. இலவச வைத்தியத்துக்கு அவர் கொடுக்கும் விலை அது. அதனால்தான் சொல்கிறேன், நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும்.

இது இன்றைக்கு வந்த யோசனை இல்லை. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவைத் தொடங்கியதே, வருத்தம் வரும்வரை காத்திராமல் ஊருக்குள் இறங்கி வேலை செய்யத்தான். மிட்வைஃப் மிஸ் இன்றும் வீடு தேடி வருவது அந்த வழியில்தான். அமெரிக்காவில் ஜாக் கைகர் என்ற டாக்டரும் 1965இல் பொஸ்டனில் ஏழைகளின் குடியிருப்புக்குள்ளேயே நிலையம் திறந்தார். தென்னாபிரிக்காவில் பொலேலா என்ற கிராமப்புறச் சுகாதார நிலையத்தில் அவர் கற்றுக்கொண்டது அது. பிறகு மிசிசிப்பியில், சாப்பாடில்லாமல் மெலிந்த பிள்ளைகளுக்கு மருந்துச் சீட்டில் உணவையே எழுதிக் கொடுத்தார்கள். பக்கத்திலேயே இருந்ததால்தான் அந்தப் பசி கண்ணில் பட்டது.

என் அம்மாவுக்குச் சீனி வருத்தம். எங்கள் டிஸ்பென்சரிக்கு மாத மருந்து எடுக்கப் போனபோது, செருப்பில் இருந்த கறையைக் கண்ட அங்கிருக்கும் மிஸ் காலைக் காட்டச் சொன்னார். விரலிடுக்கில் புண். கால் மரத்திருந்ததால் அம்மாவுக்கே தெரியவில்லை. அம்மா இன்றும் இரண்டு காலில் நடக்கிறார். வருடக்கணக்காக முகம் தெரிந்தவர் என்பதால்தான் மிஸ் கேட்டார்.

அரசாங்கத்திடம் காசில்லை என்பீர்கள். 2022இல் மருந்துக்கு அலைந்தவர்கள் நாங்கள், எங்களுக்குத் தெரியாதா? காலை வெட்டிய பிறகு ஆகும் செலவையும் கணக்கில் சேருங்கள். ஆட்கள் வருவது குறைவாம். மருந்து இல்லை என்று திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தால் யார் வருவார்கள்?

"தோட்டத்து ஆட்களுக்கு எதைக் கொடுத்தாலும் பாழாக்குவார்கள்" என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். வாசித்துவிட்டு நெடுநேரம் ஒன்றும் செய்ய முடியவில்லை. உங்கள் வீதியைக் கூட்டுவது, உங்கள் கடைச் சாமானை இறக்குவது, உங்கள் வீட்டில் சமைப்பது எல்லாம் இந்த ஆட்கள்தான். எங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மட்டும் நாங்கள் பாழாக்குபவர்களா?

மூடாதீர்கள். வேலை முடிந்து வருபவர்களுக்காக மாலையிலும் திறந்து வையுங்கள். தமிழில் விளங்கப்படுத்த ஒருவரைப் போடுங்கள். அப்புறம் எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணுங்கள்.